வாசலில் நிற்கும் பழைய தோழன்

ஒரு சத்சங்கம் முடிந்த பின் அன்பர் ஒருவர் தனியே வந்து அமர்ந்தார். வயது அறுபத்து மூன்று. தந்தையார் ரயில்வேயில் பணிபுரிந்ததால் ஜபல்பூரில் பள்ளிப் படிப்பை முடித்தவர். பின்னர் உயர்ந்த பதவிகளை வகித்து ஓய்வு பெற்றவர். 1979-ஆம் ஆண்டு தம்முடன் பள்ளியை முடித்தவர்கள் மீண்டும் ஒன்றுகூட விரும்பி, வாட்ஸ்அப் குழு ஒன்றைத் தொடங்கியிருப்பதாகச் சொன்னார். அவருடன் ஒரே பெஞ்சில் அமர்ந்து படித்த தோழர் ஒருவரையும் தேடிப் பிடித்துச் சேர்த்தார்களாம். மூன்றாம் நாளே அந்தத் தோழர் ஒன்றும் சொல்லாமல் விலகிவிட்டார். குழுவில் நடந்த பேச்செல்லாம் வெளிநாட்டில் வாழும் பிள்ளைகளைப் பற்றியும், எந்த ஹோட்டலில் கூடுவது, தலைக்கு எவ்வளவு கட்டுவது என்பதைப் பற்றியுமே இருந்தது. விலகியவரோ சிறிய மளிகைக் கடை ஒன்றை நடத்தி வருபவர்.

“சுவாமிஜி, என் மனத்தை உறுத்துவது அது மட்டுமன்று. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் அவர் என் அலுவலகத்திற்குத் தொலைபேசியில் அழைத்தார். ஏதோ உதவி கேட்கத்தான் அழைக்கிறார் என்று எண்ணி, நான் கூட்டத்தில் இருப்பதாகச் சொல்லும்படி உதவியாளரிடம் கூறிவிட்டேன். அதன்பின் அவர் அழைக்கவே இல்லை. இப்போது நான் என்ன செய்வது? இந்த வயதில் பழைய நட்புகளைத் தேடிச் செல்வது பற்றை வளர்ப்பது ஆகாதா?” என்று கேட்டார்.

நம்மில் பலருக்கும் உரிய கேள்வி இது. நமது புனித நூல்கள் இதற்கு இரண்டு குருகுலங்களின் வாயிலாக விடை தருகின்றன.

துருபதன் மூடிய கதவு

மகாபாரதத்தின் ஆதிபர்வத்தில் வருகிறது முதல் வரலாறு. பாஞ்சால இளவரசனான துருபதனும், பரத்வாஜ முனிவரின் மைந்தரான துரோணரும் ஒன்றாகப் படித்தவர்கள், ஒன்றாக விளையாடியவர்கள். ‘நான் அரசனானால் என் செல்வம் உனக்கும் உரியது’ என்று அந்தப் பருவத்தில் துருபதன் வாக்களித்தான். ஆண்டுகள் கடந்தன. ஒருவன் அரியணை ஏறினான். மற்றவர் வறுமையில் வாடினார். மகன் அசுவத்தாமன் பாலுக்கு ஏங்கியபோது, மற்றச் சிறுவர்கள் மாவைக் கரைத்துப் பால் என்று கொடுக்க, அவன் அதைக் குடித்து மகிழ்ந்து ஆடினான். அந்தக் காட்சியைத் தாங்க முடியாமல் துரோணர் பழைய நண்பனைத் தேடிச் சென்றார். அரசனுக்கும் ஏழைக்கும் நட்பு எங்ஙனம் பொருந்தும் என்று சபையில் ஏளனம் செய்தான் துருபதன்.

அந்த ஒரு சொல்லின் விலை என்ன என்று பாருங்கள். துரோணர் தம் சீடர்களைக் கொண்டு துருபதனைச் சிறைப்பிடித்து, பாதி நாட்டைப் பறித்துக்கொண்டார். துருபதன் துரோணரைக் கொல்ல ஒரு மகன் வேண்டி வேள்வி செய்தான். குருக்ஷேத்திரத்தில் துருபதன் துரோணரால் மாண்டான். துரோணர் துருபதனின் மகனான திருஷ்டத்யும்னனால் மாண்டார். திருஷ்டத்யும்னன் துரோணரின் மகனால் மாண்டான். ஒரே குருகுலத்தில் தொடங்கிய நட்பு இரண்டு தலைமுறைகளை எரித்துவிட்டது.

குற்றம் துருபதனுடையது மட்டுமன்று. துரோணர் நட்பைத் தேடிச் சென்றதோடு, பழைய வாக்குறுதியைக் கடன் பத்திரம் போல் கையில் ஏந்தியும் சென்றார். ஒருவர் தம் பதவியை மறக்கவில்லை. மற்றவர் தமக்கு வர வேண்டியதை மறக்கவில்லை.

கண்ணன் திறந்த கதவு

இரண்டாம் வரலாறு ஸ்ரீமத் பாகவதத்தின் பத்தாம் ஸ்கந்தத்தில், 80, 81-ஆம் அத்தியாயங்களில் உள்ளது. சாந்தீபனி முனிவரின் ஆசிரமம் அவந்தி நகரில், அதாவது இன்றைய உஜ்ஜயினியில் இருந்தது. இன்றும் யாத்திரிகர்கள் அந்த இடத்தைத் தரிசிக்கிறார்கள். அங்கு ஸ்ரீகிருஷ்ணருடன் படித்தவர் சுதாமர். கந்தல் உடுத்தியவர் என்னும் பொருளில் அவரைக் குசேலர் என்கிறோம். மனைவி பலமுறை வற்புறுத்திய பின், கண்ணனைக் காண்பதே பெரும் பேறு என்று எண்ணி அவர் புறப்பட்டார். மனைவி அண்டை வீடுகளில் கேட்டு வாங்கிய நான்கு பிடி அவல்தான் அவர் கையில் இருந்த காணிக்கை.

துவாரகையில் பகவான் செய்தவற்றை ஒவ்வொன்றாகச் சிந்திப்போம். நண்பரைத் தொலைவில் கண்டதுமே எழுந்து, எதிர்கொண்டு சென்று தழுவினார். தம் இருக்கையில் அமர்த்திப் பாதங்களைக் கழுவினார். ருக்மிணிதேவி சாமரம் வீசினாள். பிறகு பேசத் தொடங்கியபோது, ‘இப்போது என்ன வருமானம்?’ என்றா கேட்டார்? குருபத்தினிக்காக இருவரும் விறகு கொண்டுவரச் சென்ற நாளை நினைவூட்டினார். காலமல்லாக் காலத்தில் பெய்த பெருமழையில் வழி தவறி, இருவரும் ஒருவர் கையை ஒருவர் பற்றிக்கொண்டு இரவெல்லாம் காட்டில் அலைந்ததையும், விடிந்ததும் குருநாதர் தேடி வந்து ஆசி கூறியதையும் சொல்லி மகிழ்ந்தார். அந்த மழையில் அரசனும் இல்லை, ஏழையும் இல்லை. நனைந்த சிறுவர் இருவர் மட்டுமே இருந்தார்கள்.

அதன் பின், ‘எனக்கு என்ன கொண்டு வந்தாய்?’ என்று கேட்டார். வெட்கத்தால் தலைகுனிந்த நண்பரின் துணி முடிச்சைத் தாமே பிடித்திழுத்து, ஒரு பிடி அவலை உண்டார். கொடுக்க வந்தவன் என்ற பெருமையை முதலில் நண்பருக்கு அளித்தார் பகவான். குசேலர் எதுவும் கேட்கவில்லை. பகவானும் எதையும் காட்டிக் கொடுக்கவில்லை. வீடு திரும்பிய பிறகே குசேலர் தமக்குக் கிடைத்ததைக் கண்டார்.

உபாதிகள் இல்லாத உறவு

பதவி, செல்வம், கல்வி, புகழ் ஆகிய அனைத்தும் ஆன்மாவின் மீது ஏறிய உபாதிகள் என்று வேதாந்தம் கூறுகிறது. தியானத்தில் அவற்றைக் களைய முயல்கிறோம். பள்ளித் தோழரோ, அந்த உபாதிகள் ஏறுவதற்கு முன்பே நம்மை அறிந்தவர். அவர் நம்மைப் பழைய பெயர் சொல்லி அழைக்கும்போது இனிக்கிறதா, கசக்கிறதா? நம் அகங்காரத்தின் அளவை அந்த ஒரு கணம் காட்டிவிடும். ஆகவே பழைய தோழருடன் தொடர்பு கொள்வது சாதகனுக்கு ஒரு சோதனை. ஒரு சாதனையும் கூட.

கீதையின் ஐந்தாம் அத்தியாய முடிவில் பகவான் தம்மை எல்லா உயிர்களுக்கும் ‘சுஹ்ருத்’ என்று கூறிக்கொள்கிறார். கைம்மாறு எதிர்பாராமல் நன்மை செய்பவன் என்று அச்சொல்லுக்கு ஆதிசங்கரர் பொருள் உரைக்கிறார். ‘இவரால் எனக்கு என்ன பயன்? இவர் என்னிடம் என்ன கேட்பார்?’ என்ற இரண்டு எண்ணங்களும் இல்லாத நட்பு பற்று ஆகாது. அது பகவானின் குணத்தில் நாம் பெறும் ஒரு சிறு பங்கு.

ஜபல்பூரில் ஒரு காலை

அந்த அன்பரிடம், “குழுவில் செய்தி அனுப்ப வேண்டாம்; நீங்களே எழுந்து செல்லுங்கள்” என்று மட்டும் கூறினோம். சில மாதங்கள் கழித்து அவர் மீண்டும் வந்தார். ஜபல்பூர் சென்று, கடை திறக்கும் வேளையில் நண்பரின் எதிரே நின்றாராம். நண்பர் கல்லாவை விட்டு எழுந்து வந்து கையைப் பற்றிக்கொண்டார். உள்ளே அழைத்துச் சென்று, அந்த ஊர் வழக்கப்படி காலையில் செய்த போஹாவைத் தட்டில் வைத்தார். அது அவல்தான்!

பேச்சின் நடுவே, “அன்று எதற்காக அழைத்தாய்?” என்று தயங்கித் தயங்கிக் கேட்டார் அன்பர்.

“அம்மா காலமாகிவிட்டாள். பள்ளி நாள்களில் உனக்கும் சேர்த்துத்தானே ரொட்டி சுட்டு அனுப்பினாள்? உனக்குச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது” என்றாராம் அவர்.

இதைச் சொல்லும்போது அன்பரால் மேலே பேச முடியவில்லை. உதவி கேட்க வந்த அழைப்பென்று எண்ணி அவர் மூடிய கதவின் வெளியே நின்றது, அவருக்கு அன்னமிட்ட ஒரு தாயின் மரணச் செய்தி. அந்தப் பன்னிரண்டு ஆண்டுகளைத் திருப்பித் தர எவராலும் இயலாது. ஆயினும் அன்று இருவரும் சேர்ந்து நர்மதையின் குவாரிகாட் படித்துறைக்குச் சென்று, அந்த அன்னையை நினைத்து ஒரு தீபம் ஏற்றினார்கள்.

அன்பர்களே, உங்கள் மனத்திலும் இப்போது ஒரு முகம் தோன்றியிருக்கக்கூடும். நீங்கள் உயர்ந்த நிலையில் இருந்தால், முதலில் எழுந்து செல்ல வேண்டியவர் நீங்களே. துவாரகையில் எழுந்தவர் குசேலர் அல்லர், கண்ணனே. எளிய நிலையில் இருந்தால் வெட்கப்பட வேண்டாம். உங்கள் முடிச்சிலுள்ள அவலுக்கு ஈடான பொருள் அரண்மனையில் இல்லை. ஒன்றுகூடல்களை நடத்துவோர், வர இயலாதவர் யார், ஏன் என்பதை முதலில் சிந்திக்கட்டும். கட்டணம் கட்ட இயலாமல் ஒரு தோழர் வராமல் போகும் விருந்து துருபதனின் சபையே ஆகும்.

அழைப்பதை நாளைக்கு என்று தள்ளிவைக்க வேண்டாம். எல்லா உயிர்களுக்கும் உற்ற நண்பனான இறைவன், பழைய தோழரின் வடிவில் நம் வாசலில் நிற்கும்போது, எழுந்து சென்று எதிர்கொள்ளும் மனத்தை நமக்கு அருள்வானாக.