மணிக்கட்டில் ஒரு சாட்சி

சென்ற மாதம் நண்பர் ஒருவரின் சாவு வீட்டில் யாரோ கேட்டார்: "தினமும் நடப்பாரா?" நடக்கமாட்டார் என்று தெரிந்ததும் கேட்டவர் முகத்தில் ஒரு தெளிவு. மரணத்துக்குக் காரணம் கிடைத்துவிட்டது. குனிந்து தன் மணிக்கட்டைப் பார்த்துக்கொண்டார். அந்தப் பார்வை பற்றித்தான் இக்குறிப்பு.

உடலை அளப்பது புதிதல்ல. இத்தாலிய மருத்துவர் ஸான்டோரியோ தராசில் தொங்கும் நாற்காலியில் அமர்ந்து, உண்டதையும் கழித்ததையும் வருஷக்கணக்கில் நிறுத்துப் பார்த்து, 1614ல் நூலாக வெளியிட்டார். கண்ணுக்குப் புலனாகாமல் உடலிலிருந்து வெளியேறுவது எவ்வளவு என்பது அவர் கேள்வி. அங்கே அளவு, கேள்வியின் கருவி. இன்றைய மணிக்கட்டுக் கருவி கேள்வியோடு வருவதில்லை, இலக்கோடு வருகிறது. நாளொன்றுக்குப் பத்தாயிரம் அடி என்ற இலக்கு மருத்துவ ஆய்விலிருந்து பிறந்ததல்ல. 1965ல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஓர் அடி எண்ணும் கருவியின் பெயர் அது: 'மான்போ-கெய்', பத்தாயிரம் அடி மானி. வயதான அமெரிக்கப் பெண்களைப் பற்றி 2019ல் வெளிவந்த ஆய்வொன்றில், ஏறத்தாழ 7500 அடிக்கு மேல் மரண விகிதம் மேலும் குறையவில்லை. ஒரு சரக்கின் பெயர் நம் மனசாட்சியாகிவிட்டது.

இதனால் கருவியையே பொய் என்று தள்ளிவிட முடியாது. பச்சை ஒளியைத் தோலுக்குள் செலுத்தி, ரத்தம் அதை உறிஞ்சுவதன் ஏற்ற இறக்கத்திலிருந்து துடிப்பைக் கணிக்கிறது அது. இருதயம் தாளம் தப்புவதை, உடலுக்குரியவன் எதையும் உணராதபோதே காட்டிக்கொடுக்கவும் கூடும். 'என் உடம்பு எனக்குத் தெரியும்' என்பது வெறும் பெருமை. பல சமயம் தெரிவதில்லை. நாடி பிடித்த வைத்தியரும் நமக்குத் தெரியாததைத்தான் சொன்னார். ஆனால் அவருடைய மூன்று விரல்களுக்கு அப்பால் ஒரு முகம் இருந்தது. தூக்கம் எப்படி என்று அது நம்மைக் கேட்டது. கருவி கேட்பதில்லை; 'நீ சரியாகத் தூங்கவில்லை' என்று காலையில் அறிவிக்கிறது. எழும்போது இல்லாத அசதி அதைப் படித்தபின் வருகிறது. கச்சிதமான தூக்கத்துக்கான இந்தத் தவிப்புக்கு அமெரிக்க ஆய்வாளர்கள் 2017ல் 'ஆர்த்தோஸோம்னியா' என்று பெயரே வைத்தார்கள். சாட்சியாக வந்தது நீதிபதியாகிவிட்டது.

நீதிபதி இருந்தால் குற்றவாளியும் வேண்டும். ஆரோக்கியம் தினசரி ஈட்டும் மதிப்பெண் என்றால் நோய் தோல்வியாகிறது, நோயாளி சோம்பேறியாகிறான். முன்பு கர்மவினை என்றார்கள். இப்போது அடிக்கணக்கு. துன்பப்படுபவன் அருகில் உட்கார வேண்டிய கடமையிலிருந்து இரண்டுமே நம்மை விடுவிக்கின்றன.

நானும் அந்தப் பட்டையை அணிந்திருக்கிறேன். கழற்றப் போவதில்லை. அது சொல்வதை ஒரு சாட்சியம் என்ற அளவில் கேட்டுக்கொள்வேன். ஆனால் அந்த வீட்டில் கேட்டிருக்கவேண்டிய கேள்வி வேறு: கடைசி நாட்களில் அவருடன் யார் இருந்தார்கள்? அதை நானும் கேட்கவில்லை.