பந்தல் யாருக்குச் சொந்தம்?

பங்குனிப் பெருவிழாவின் எட்டாம் நாள் மயிலாப்பூரில் அறுபத்துமூவர் உலா. கபாலீசுவரர் கோயிலைச் சுற்றியுள்ள மாட வீதிகளில் வெயிலில் நடக்கும் கூட்டத்துக்கு, வழியெங்கும் பந்தல் போட்டு நீர்மோரும் பானகமும் சோறும் வழங்குகிறார்கள். ஆண்டு தவறாமல் அதே இடத்தில் நின்று மோர் ஊற்றும் கைகளும் அங்கே உண்டு. பல ஆண்டுகள் ஒரு தொண்டைச் செய்தவருக்கு அதன்மேல் உரிமை வந்துவிடுகிறதா?

நிதி திரட்டும் நெடுநடைகளிலும் இதே கேள்வி எழுகிறது. 1981-இல் ஹாங்காங்கில் கூர்க்கா வீரர்களின் பயிற்சியாகத் தொடங்கிய ‘டிரெயில்வாக்கர்’, 1986 முதல் பொதுமக்களுக்கும் உரியதாயிற்று. நால்வர் ஓர் அணியாக, 48 மணி நேரத்துக்குள் 100 கிலோமீட்டர் நடந்து ‘ஆக்ஸ்ஃபாம்’ தொண்டு நிறுவனத்துக்கு நிதி திரட்டுகிறார்கள். நள்ளிரவிலும் வழியில் காத்திருந்து உணவும் முதலுதவியும் தரும் தொண்டர்கள் இல்லாமல் அந்த நடை நடக்காது.

உரிமை உண்டு என்பவர்களின் வாதத்தை எளிதில் தள்ளிவிட முடியாது. எந்தத் திருப்பத்தில் நெரிசல் கூடும், எந்த நேரத்தில் முதியவர்கள் மயங்குவார்கள், அடுத்த அண்டா மோரை எப்போது கரைத்து வைக்க வேண்டும் என்பதெல்லாம் நின்று பழகியவருக்கே தெரியும். அவரை ஒதுக்கினால் நடப்பவர்தான் துன்பப்படுவார்.

ஆனால் அந்த அனுபவமே புதியவரைத் தடுக்கவும் கூடும். உதவ வரும் இளைஞரிடம், “நீ ஓரமா நில்லுப்பா, நாங்க பாத்துக்கறோம்” என்று ஒவ்வோர் ஆண்டும் சொன்னால், ஒருநாள் அவர் வருவதை நிறுத்திவிடுவார். மூத்தவர் நோயில் படுக்கும் ஆண்டில் பந்தலும் படுத்துவிடும்.

மயிலாப்பூர் உலாவில் வரும் நாயன்மார்களுள் அப்பூதியடிகளும் ஒருவர். திங்களூரில் தண்ணீர்ப் பந்தல் வைத்து, தாம் நேரில் கண்டிராத திருநாவுக்கரசரின் பெயரை அதற்குச் சூட்டியவர் என்கிறது பெரியபுராணம். வழிப்போக்கராக வந்த நாவுக்கரசரே, “உம் பெயரை எழுதாமல் வேறொருவர் பெயரை எழுதியது ஏன்?” என்று கேட்க, வந்தவர் யாரென அறியாத அப்பூதியார் மனம் நொந்து கடிந்துகொண்டார். உழைப்பு முழுவதும் தம்முடையதாக இருந்தும், தம் பெயர் அங்கே இல்லையே என்ற எண்ணம் அவருக்குத் தோன்றவேயில்லை.

பந்தல் தாகத்தோடு வருபவருக்கே சொந்தம். இதை ஒப்புக்கொண்டால் இரு தரப்பின் கடமையும் தெளிவாகும். மூத்த தொண்டர், உடலில் தெம்பு இருக்கும்போதே தன் அறிவை இளையவர் கையில் சேர்க்க வேண்டும். இளையவர் செய்யும் சிறு பிழைகளைப் பொறுக்கவும் வேண்டும். தொண்டை நடத்தும் அமைப்பும் மூத்தவருக்குப் பொன்னாடை போர்த்தி வழியனுப்பிவிட்டு, நன்றி முடிந்தது என்று இருந்துவிடக் கூடாது. நிற்க முடியாதவருக்கு உட்கார்ந்து செய்யும் வேலை தர வேண்டும். முடிவெடுக்குமுன் அவரைக் கலந்துகொள்ள வேண்டும்.

நெடுநாள் தொண்டு ஒருவருக்குத் தருவது கூடுதல் கடமையைத்தான். தான் வர முடியாத ஆண்டிலும் யாரும் தாகத்தோடு திரும்பாதபடி இன்னொருவரைப் பழக்கிவிட்டவரே அந்தத் தொண்டை முழுமையாகச் செய்தவர்.