பனிக்காலத்தில் ஏர் பூட்டுங்கள்!

தியான வாசிப்பு: நீதிமொழிகள் 20:4, எரேமியா 4:3, எபிரெயர் 6:7, 8

 

தை மாதத்தில் வேடசந்தூர், குஜிலியம்பாறை, சாணார்பட்டி பக்கத்துக் காடுகளைப் பார்த்திருப்பீர்கள். மானாவாரிச் சோளம் அறுத்தாச்சு. தட்டையைப் படப்பு போட்டாச்சு. ஆடிப்பட்டத்துக்கு இன்னும் நாள் கிடக்கிறது. விடியற்காலம் பனி கொட்டுகிறது. "இப்ப என்ன அவசரம்? மழை வரட்டும், பாத்துக்கலாம்" என்று போர்வையை இழுத்து மூடுகிறவன் உண்டு. குளிருக்குப் பயந்து உழாமல் இருந்துவிட்டு, அறுப்புக் காலத்தில் கையேந்துகிற சோம்பேறியைப் பற்றி சாலொமோன் ராஜா அன்றைக்கே எழுதிவைத்தார்.

கருத்துள்ள சம்சாரியோ இப்போதுதான் ஏர் பூட்டுவான். தை உழவு ஐயாட்டுக் கிடை என்பார்கள் நம் பெரியவர்கள். ஆட்டுக்கிடை போட்ட பலன் அந்த உழவிலே உண்டு. ஐப்பசி, கார்த்திகை மழையின் ஈரம் மண்ணில் இருக்கும்போதே கொழு இறங்கும். விட்டால் செம்மண் காய்ந்து இறுகிவிடும். உழும்போது களை வேரோடு புரளும். கூட்டுப்புழு மேலே வரும். மைனாவும் கொக்கும் பின்னாலேயே பொறுக்கித் தின்னும். பிறகு சித்திரையில் கோடை மழை பெய்தால், உழுத காடு தண்ணீரைக் குடிக்கும். உழாத காட்டிலோ மேல்மண்ணையும் வாரிக்கொண்டு தண்ணீர் ஓடைக்குப் போய்விடும். மழை ஒன்றுதான், நிலம்தான் வேறே!

பிரியமானவர்களே, "பின்மாரியை ஊற்றும் ஆண்டவரே" என்று உபவாசமிருந்து கேட்கிறோம். ஸ்தோத்திரம்! ஆனால் எபிரெயர் நிருபத்தைக் கவனியுங்கள். அதே மழையைக் குடித்து ஒரு நிலம் பயிர் தருகிறது, இன்னொரு நிலம் முள்ளைத் தருகிறது. எழுப்புதல் வருமுன்னே செய்யவேண்டிய வேலை நமக்கு உண்டு.

1. முள்ளை வேரோடு எடுங்கள். நம் தரிசுகளில் சீமைக்கருவேல் எப்படிப் பரவியது? அதன் காய் இனிப்பு. ஆடு ஆசையாய்த் தின்று, புழுக்கையோடு விதையை ஊரெல்லாம் போடும். பாவமும் அப்படியே, வாய்க்கு இனிப்பு, விளைவது முள். 2017-ல் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை இதை அகற்றச் சொல்லி உத்தரவிட்டது. ஜே.சி.பி. வைத்து அகற்றினார்கள். வேரை விட்ட இடத்தில் மறுபடியும் தழைத்துக்கொண்டது. மேலே வெட்டினால் போதாது, ஐயா!

2. ஈரம் இருக்கும்போதே உழுங்கள். ஒரு முழ வரப்புக்காக அண்ணன் தம்பி பேச்சை விட்டவர்கள் சபைகளில் இல்லையா? ஒரே கர்த்தருடைய பந்தியில் அப்பமும் எடுக்கிறார்கள். "அவன் முதல்ல வரட்டும்" என்பதும் "மழை வரட்டும்" என்பதும் ஒரே சோம்பல்தான். காணிக்கையை வைத்துவிட்டு முதலில் சகோதரனிடம் போகச் சொன்னாரே இயேசு (மத்தேயு 5:23, 24). ஆவியானவர் உணர்த்துகிற நேரந்தான் மண்ணில் ஈரம் இருக்கிற நேரம். தள்ளிப்போட்டால் இருதயம் இறுகிப்போகும்.

3. விதையைக் காத்துக்கொள்ளுங்கள். வீட்டில் கஞ்சிக்கு இல்லாவிட்டாலும் விதைச் சோளத்தைத் தொடமாட்டார்கள் நம் தாய்மார். தேவ வசனமே விதை (லூக்கா 8:11). பிள்ளைகளோடு உட்கார்ந்து தினம் ஒரு அதிகாரமாவது வாசியுங்கள்.

பயப்படாதிருங்கள்! ஆதாம் செய்த பாவத்தால் பூமியில் முளைத்த முள்ளை நம் இயேசு தம் தலையிலே முடியாகச் சுமந்தார். அவர் உழமாட்டாத தரிசு ஒன்றும் இல்லை. அல்லேலூயா! அடுத்த உபவாச ஜெபத்துக்கு வருமுன் அந்த வீட்டு வாசலை மிதித்துவிட்டு வாருங்கள்.

ஜெபிப்போமா? அன்பின் பரலோகத் தகப்பனே, எங்கள் இறுகிப்போன இருதயத்தை உழுதருளும். முள்ளை வேரோடு பிடுங்கும். நீர் மழையைத் தரும்போது அது வீணாய் ஓடிப்போகாதபடி எங்களை ஆயத்தப்படுத்தும். இயேசுவின் நாமத்தில் ஜெபிக்கிறோம், நல்ல பிதாவே. ஆமென்.