அள்ளுப்பட்டுப் போதல்

ஆங்கிலத்தில் ‘ட்ரிஃப்ட்’ என்றொரு சொல் உண்டு. எஞ்சின் நின்றுபோன படகு நீரோட்டத்தோடு போவது அதுதான். கண்டங்கள் ஒன்றையொன்று விட்டு விலகியது அதுதான். செப்புக் கம்பிக்குள் இலத்திரன்கள் ஊர்வதும், கடைத்தராசு பாவனையில் மெல்லமெல்லப் பூச்சியத்தைத் தவறவிடுவதும், ஒரு மனிதன் தொழுகையை விட்டோ சொந்தபந்தத்தை விட்டோ தானறியாமலே தூரமாகிப் போவதும் அதுதான். தமிழில் இத்தனைக்கும் சேர்த்து ஒற்றைச் சொல் கிடையாது. இதை மொழியின் போதாமை என்பவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒற்றைச் சொல் இல்லாதபடியால், ஒவ்வோரிடத்திலும் ‘நகர்த்தியது எது?’ என்ற கேள்விக்கு ஏதாவதொரு பதிலை வைத்துக்கொண்டுதான் நாம் அதைத் தமிழில் சொல்ல வேண்டியிருக்கிறது.

நமது பௌதிகப் பாடத்தில் ‘நகர்வு வேகம்’ என்று படிக்கிறோம். தமிழ்நாட்டுப் பாடநூல்களில் அதையே ‘இழுப்புத் திசைவேகம்’ என்று எழுதுகிறார்கள். நகர்வு என்றால் தானாக நகர்வது. இழுப்பு என்றால் இழுப்பது ஒன்று இருக்கிறது. இரண்டு சொல்லும் ஒரே இலத்திரனைப் பற்றியவைதாம். கம்பிக்குள் அது நாலாபக்கமும் அசுர வேகத்தில் ஓடித் திரிகிறது. ஆனால் அந்த ஓட்டங்களெல்லாம் ஒன்றையொன்று கழித்துக்கொள்கின்றன. மின்புலம் ஒரு பக்கமாக இழுக்கும் அந்தச் சிறு சாய்வு மட்டுமே மிஞ்சுகிறது. வீட்டு மின்கம்பியில் அதன் வேகம் செக்கனுக்கு ஒரு மில்லிமீற்றர்கூட இல்லை. விளக்கு எரிவது அதனால்தான்.

அல்பிரட் வேகனர் 1912இல் கண்டங்கள் நகர்ந்தன என்று சொன்னபோது, நிலவியலாளர் பலர் அதை ஏற்க மறுத்தார்கள். ஆபிரிக்காவின் மேற்குக்கரையும் தென்னமெரிக்காவின் கிழக்குக்கரையும் பொருந்துவதை அவர்களும் கண்டிருந்தார்கள். இவ்வளவு பெரிய நிலத்தைத் தள்ளிய விசை எது என்பதே அவர்களுடைய கேள்வி. வேகனரிடம் அதற்குச் சரியான பதில் இருக்கவில்லை. 1930இல் கிரீன்லாந்தின் பனியில் அவர் இறந்துபோனார். கடலடித்தளம் விரிவடைவதையும் புவித்தகடுகளின் அசைவையும் அறிந்துகொண்ட பிறகு, 1960களில்தான் அவர் கருத்துக்கு இடம் கிடைத்தது. கல்லும் மண்ணும் நகர்ந்ததற்கே காரணம் கேட்டு அரை நூற்றாண்டு அடம்பிடித்தார்கள் என்பது கவனிக்கத்தக்கது. மனிதர்கள் நகர்ந்ததைப் பற்றிப் பேசும்போது நாம் அவ்வளவு பிடிவாதம் காட்டுவதில்லை.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். யாரும் காரணமில்லாத நகர்வும் உண்டு. பசுபிக் சமுத்திரத்தில் பிங்கலப் என்ற சிறு தீவை 1775 அளவில் ஒரு சூறாவளி அழித்தது. ஏறத்தாழ இருபது பேர் மிஞ்சினார்கள். அவர்களில் ஒருவரிடம் நிறங்களைக் காணமுடியாத குறைபாட்டின் மரபணு இருந்தது. உலகில் பல்லாயிரத்தில் ஒருவருக்கு வரும் அந்தக் குறைபாடு அங்கே இருபது பேரில் ஒருவருக்கு என்ற அளவுக்குப் பெருகிவிட்டது. பிறப்புரிமையியலார் இதையும் ‘நகர்வு’ என்றே சொல்கிறார்கள். இதில் குற்றவாளியைத் தேடுவது வீண்வேலை.

நமது கரைக்கு வருவோம். கல்முனைக் கடற்கரையில் நிற்பவர் கால்மாட்டில் பார்த்தால் தெரியும். அலை கரைக்கு நேராக ஏறுவதில்லை, சரிந்து ஏறுகிறது. இறங்கும்போதோ நேரே இறங்குகிறது. அதோடு ஏறி இறங்கும் மணல், ஒவ்வோரலைக்கும் கொஞ்சம் பக்கவாட்டில் போய்விடுகிறது. வாடைக்காலத்தில் இந்தப் போக்கு மாறினாலும் ஆண்டுக் கணக்கில் பார்க்கும்போது நமது கரையின் மணல் வடக்கு நோக்கியே போகிறது. போகிற மணலுக்கு ஈடாகத் தெற்கிலிருந்து மணல் வந்து சேர்வதால்தான் கரை கரையாக இருக்கிறது. நேற்றிருந்த மணல் இன்று இல்லை, கரை மட்டும் இருக்கிறது. அள்ளுப்பட்டுப் போவதெல்லாம் அழிவு என்று எண்ணுபவர்கள் இதை ஒருதரம் யோசிக்க வேண்டும்.

ஒலுவிலில் துறைமுகம் கட்டத் தொடங்கியது 2008இல். திறந்து வைத்தது 2013இல். அது மர்ஹூம் அஷ்ரஃப் அவர்களின் கனவு என்பதை இப்பகுதியில் அறியாதவர் இல்லை. அவர் 2000ஆம் ஆண்டு செப்டம்பரில் காலமாகிவிட்டார். கட்டியவர்கள் வேறு ஆட்கள். கடலுக்குள் நீட்டிய அலைதடுப்புச் சுவர்கள் வடக்கே போகிற மணலை மறித்தன. தெற்குப் பக்கம் மணல் குவிந்தது, துறைமுக வாயையும் மணல் அடைத்தது. வடக்கே ஒலுவில், நிந்தவூர்க் கரையைக் கடல் தின்றது. தென்னைகள் விழுந்தன, தோணி இழுத்து வைக்கிற இடம் போயிற்று. மீனவர்கள் மறியல் செய்தார்கள், கல் கொண்டுவந்து போட்டார்கள். கல் போட்ட இடம் தப்ப, அதற்கு அடுத்த இடம் போயிற்று.

இதற்கு நாம் வைத்திருக்கும் பெயர் ‘கடலரிப்பு’. அரிப்பது கடல் என்று சொல்லிவிட்டோம். கடல் முன்பு செய்துகொண்டிருந்ததையேதான் பின்பும் செய்தது. புதிதாக ஒன்றைச் செய்தது மனிதர். வரைபடத்தில் கோடு போட்டவர், அதற்கு ஒப்பம் வைத்தவர், மணல் எங்கே போகும் என்று கேட்காமல் விட்டவர் எல்லாரும் அந்த ஒற்றைச் சொல்லுக்குள் மறைந்துகொள்கிறார்கள்.

மனிதர்களைப் பற்றிய சொல்லிலும் இதே வேலை நடந்திருக்கிறது. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து ஏறக்குறைய 75,000 முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றினார்கள். யாழ்ப்பாணத்தில் கொடுத்த அவகாசம் இரண்டு மணித்தியாலம். உடுத்த உடுப்போடு நடந்தவர்கள் புத்தளத்தில் போய்ச் சேர்ந்தார்கள். அரசாங்கப் பதிவேட்டில் அவர்கள் ‘இடம்பெயர்ந்தோர்’. 2009இல் யுத்தம் முடிந்து, புதிதாக இலட்சக்கணக்கானோர் முகாம்களில் சேர்ந்ததும், இவர்கள் ‘பழைய இடம்பெயர்ந்தோர்’ ஆனார்கள். பறவை இடம்பெயரும். துரத்தப்பட்டவனையும் அதே வினையால் குறித்தால், துரத்தியவன் வாக்கியத்தில் இல்லாமல் போகிறான். ‘வெளியேற்றம்’ என்றே எழுத வேண்டும் என்று நம்மவர் வாதாடியது வெறும் சொற்சண்டை அல்ல.

2024 டிசம்பரில் முள்ளிவாய்க்காலுக்கு அருகே நூற்றுக்கு மேற்பட்ட ரோஹிங்கியா முஸ்லிம்களோடு ஒரு படகு ஒதுங்கியபோதும் ‘அள்ளுப்பட்டு வந்தவர்கள்’ என்றுதான் பேச்சு. படகைக் காற்று கொண்டுவந்திருக்கலாம். அவர்களைப் படகில் ஏற்றியது காற்றல்ல. பர்மாவின் 1982ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்திலிருந்து அதன் கதையைத் தொடங்க வேண்டும்.

ஆனால் இந்த அளவுகோலைப் பிறருக்கு மட்டும் வைத்துக்கொள்ள முடியாது. 1990 ஓகஸ்டில் காத்தான்குடியில் தொழுகையில் நின்றவர்கள் கொல்லப்பட்டதையும், ஏறாவூரில் நடந்ததையும் நாம் செய்வினையில் எழுதுகிறோம். எழுதத்தான் வேண்டும். அதே மாதம் வீரமுனையில் அடைக்கலம் புகுந்திருந்த தமிழர்கள் கொல்லப்பட்டார்கள். ஊர்காவல் படையினருக்கும் அதில் பங்கிருந்ததாகத் தமிழர் சாட்சியங்கள் சொல்கின்றன. அதைப் பற்றி நமது பக்கத்தில் பேச்சு வந்தால் மட்டும் ‘அந்தக் காலம் அப்படி’ என்று வாக்கியம் எழுவாய் இல்லாமல் முடிந்துவிடுகிறது.

இனி, இவற்றை விடச் சிக்கலான ஒன்று. நற்பிட்டிமுனையில் தமிழரும் முஸ்லிம்களும் ஒட்டி வாழ்கிறார்கள். வயலும் வாய்க்காலும் அடுத்தடுத்து. தாய்வழிக் குடிமுறையும், பெண்ணுக்கு வீடு கொடுத்து மாப்பிள்ளையை அழைத்துக்கொள்வதும் இந்தக் கரையில் இரு பகுதியாருக்கும் பொது. ஆனால் பிள்ளைகள் படிப்பது தனித்தனிப் பாடசாலைகளில். நோன்புக்கால விடுமுறையால் தவணைகளும் ஒத்துப்போவதில்லை. ஒருவன் பாடசாலை போகிற நாளில் மற்றவன் வீட்டில் நிற்கிறான். இவர்களை அந்நியராக வளர்க்க வேண்டும் என்று எவரும் எங்கும் தீர்மானிக்கவில்லை. ஒவ்வொரு ஏற்பாட்டுக்கும் நியாயமான காரணம் இருந்தது. இருந்தும், 2019 ஜூனில் கல்முனை வடக்கு உப பிரதேச செயலகத்தைத் தரமுயர்த்தக் கோரி ஒரு பக்கம் உண்ணாவிரதமும், அதை எதிர்த்து மறுபக்கம் சத்தியாக்கிரகமும் நடந்தபோது, அந்தக் காரணங்களெல்லாம் சேர்ந்து எங்கே கொண்டுவந்து விட்டிருக்கின்றன என்று தெரிந்தது. இங்கே துரத்தியவன் இல்லை. சாய்வு மட்டும் இருந்தது, இலத்திரனுக்குப் போல.

துரத்தியவன் இல்லாவிட்டால் பொறுப்பும் இல்லையா? நமது இல்முல் கலாம் இதைப் பழைய காலத்திலேயே கேட்டுவிட்டது. ஜஹ்ம் இப்னு ஸஃப்வானோடு சேர்த்துப் பேசப்படும் ஜபரிய்யாக்களுக்கு மனிதன் காற்றில் பட்ட இறகு. அவனுக்குச் செயலே கிடையாது. முஃதஸிலாக்கள் மறுமுனைக்குப் போனார்கள். நாம் பின்பற்றும் இமாம் அஷ்அரீ நடுவே ‘கஸ்பு’ என்ற சொல்லை வைத்தார்: செயலைப் படைப்பவன் அல்லாஹ், அதைச் சம்பாதித்துக்கொள்பவன் அடியான். இது புரியாத கோட்பாடு என்று கேலி செய்தவர்கள் அன்றும் இருந்தார்கள். எனினும் அள்ளுப்பட்டுப் போவதைப் பற்றி யோசிக்கும்போது இதைவிடப் பொருத்தமான சொல் எனக்கு அகப்படவில்லை. நீரோட்டத்தை நான் உண்டாக்கவில்லை. அதில் இருபது வருடம் துடுப்பைத் தொடாமல் இருந்ததை நான் சம்பாதித்தேன்.

நமது ஊர்களில் ‘எல்லாம் நஸீபு’ என்று சொல்பவர்கள் தங்களை அஷ்அரீ வழி என்றுதான் எண்ணிக்கொள்கிறார்கள். பேச்சைக் கேட்டால் ஜஹ்மின் மாணவர்கள் போல இருக்கிறது. நூஹ் நபி அலைஹிஸ்ஸலாம் அவர்களின் கப்பலும் வெள்ளத்தோடு போனதுதான். அது அல்லாஹ்வின் பெயரால் ஓடியது. ஆனால் வெள்ளம் வருமுன்னே பலகை அறுத்து, ஆணி அடித்து, ஊராரின் கேலியைச் சகித்துக் கட்டப்பட்டிருந்தது. தவக்குலுக்கும் அள்ளுப்பட்டுப் போவதற்கும் உள்ள வித்தியாசத்தை அந்தப் பலகையில் காணலாம்.

ஒவ்வொரு போகத்துக்கும் முன்னால் நமது வட்டைகளுக்கு ஆரம்பக் கூட்டம் வைப்பது இன்னும் நின்றுபோகவில்லை. தமிழ் விவசாயியும் முஸ்லிம் விவசாயியும், வட்டைவிதானைமாரும், நீர்ப்பாசன அதிகாரிகளும் ஒரே இடத்தில் கூடுகிறார்கள். தண்ணீர் எப்போது திறப்பது, எந்தத் திகதிக்குள் விதைத்து முடிப்பது, மாடுகளை எப்போது அப்புறப்படுத்துவது என்று சண்டை பிடித்துத்தான் முடிவெடுக்கிறார்கள். முடிவு எழுதப்படுகிறது. பிறகு தண்ணீர் காணாவிட்டால் யாரைக் கேட்பதென்று தெரியும். பிள்ளைகளின் விடுமுறையைப் பற்றி, இரண்டு பாடசாலைகளும் சேர்ந்து நடத்தக்கூடிய ஒரு விளையாட்டுப் போட்டியைப் பற்றி அப்படியொரு கூட்டம் கூட்டினால் என்ன? யார் வந்தார்கள், யார் வரவில்லை என்றாவது எழுதி வைக்கலாம்.