மருந்துக்காக ஓர் உயிரை வருத்தலாமா?

ஆஸ்துமா, முடக்குவாதம், லூபஸ் போன்ற நோய்களில் உயிர் காக்கும் ஸ்டீராய்டு, நீண்ட நாள் கொடுக்கப்பட்டால் எலும்பைச் சிதைக்கிறது. எலும்பை உருவாக்கும் செல்கள் குறைகின்றன. தொடையெலும்பின் தலைப்பகுதிக்குச் செல்லும் இரத்த ஓட்டம் தடைப்பட்டு, அங்குள்ள திசு மடிகிறது. சீன மருத்துவத்தில் நெடுங்காலமாக வழங்கும் எபிமீடியம் செடியிலுள்ள ஐகாரின் என்ற சேர்மம், இந்தச் சிதைவைத் தடுத்து எலும்பு மீண்டும் வளர உதவுவதாகப் பல ஆய்வுகள் காட்டுகின்றன. அவற்றில் பெரும்பாலானவை ஆய்வகச் செல்களிலும் எலி, முயல்களிலும் நடந்தவை. நலமாக இருந்த முயலுக்கு ஸ்டீராய்டு ஊசி போட்டு எலும்பைக் கெடுக்கிறார்கள், சேர்மத்தைக் கொடுக்கிறார்கள், பிறகு கொன்று எலும்பைச் சீவி நுண்ணோக்கியில் பார்க்கிறார்கள். மனிதரின் நோய் தீர மற்றோர் உயிருக்கு அதே நோயை உண்டாக்குவது அறமா?

சமணம் இதை ஏற்பதில்லை. கொல்லாமை அதன் முதல் விரதம். பயன் எதுவாயினும் கொலையின் வினை செய்தவனைச் சேரும். கொல்லாமைக்குத் தனி அதிகாரம் வகுத்த திருக்குறள், தன் உயிரே போவதாயினும் பிற உயிரைப் பறிக்கலாகாது என்கிறது. மேலைத் தத்துவத்தில் டெக்கார்ட் விலங்கை எந்திரமாகக் கண்டார். துன்பத்தை உணரும் திறனே அளவுகோல் என்று கூறி 1789இல் பெந்தம் அந்தப் பார்வையை மறுத்தார். அவர் வகுத்த பயன்வாதமோ, பெரும் நன்மைக்காகச் சிறு துன்பத்தை ஏற்க இடம் தருகிறது. உயிரை வெறும் கருவியாக்குவதே தவறு என்று டாம் ரீகன் 1983இல் வாதிட்டார்.

மறுபக்க நியாயமும் வலுவானது. சோதிக்காத சேர்மத்தை நோயாளிக்குக் கொடுப்பதும் ஹிம்சைதான். அதனால்தான் மருத்துவ ஆய்வு நெறிகளை வகுத்த 1964ஆம் ஆண்டின் ஹெல்சிங்கி பிரகடனம், மனித ஆய்வு ஆய்வக, விலங்குச் சோதனைகளையோ அறிவியலால் நிறுவப்பட்ட பிற உண்மைகளையோ அடிப்படையாகக் கொள்ள வேண்டும் என்றது. ரஸ்ஸல், பர்ச் என்ற ஆய்வாளர்கள் விலங்குச் சோதனைக்கு 1959இல் மூன்று நெறிகளை வகுத்தனர்: மாற்று வழி இருந்தால் விலங்கைத் தவிர்த்தல், எண்ணிக்கையைக் குறைத்தல், வலியைத் தணித்தல். இந்தியாவில் விலங்கு வதைத் தடுப்புச் சட்டம் 1960இல் வந்தது. புது மருந்துச் சோதனையில் விலங்கில்லா முறைகளுக்கு 2023இல் விதிகள் இடம் கொடுத்தன.

தேவை என்பது கொலையை அறமாக்குவதில்லை, செய்பவரைக் கடன்பட்டவராக்குகிறது. வேறு வழியே இல்லாதபோதும், விடை நோயாளியைச் சென்றடையும்போதும் மட்டுமே அந்தக் கடனுக்கு ஓரளவு ஈடு உண்டு. விடை தெரிந்த கேள்வியைக் கட்டுரை எண்ணிக்கைக்காக மறுபடி முயல்களிடம் கேட்பது எந்த அறநூலாலும் நியாயப்படுத்த முடியாத கொலை.