கதவு திறந்தால் போதுமா?

பன்முகத்தன்மை, சமூக நீதி, அனைவரையும் அரவணைத்தல் ஆகிய தலைப்புகளில் பல்கலைக்கழக வளாகங்களில் இன்று அடிக்கடி கருத்தரங்குகளும் விழாக்களும் நடைபெறுகின்றன. மாணவர்கள் தத்தம் ஊரின் உடை அணிந்து வருகிறார்கள். பல மொழிகளில் பாடுகிறார்கள். பலவகை உணவுகள் பரிமாறப்படுகின்றன. இறுதியில் உறுதிமொழி எடுக்கப்படுகிறது. இவை நல்லவையே. எனினும் சிந்திப்பவர் மனத்தில் ஒரு கேள்வி எழும். ஒருவரை உள்ளே அனுமதிப்பதும், அவரைத் தமக்குச் சமமாக ஏற்பதும் ஒன்றுதானா?

கேரளத்தின் தென்கோடியில், தமிழக எல்லையை ஒட்டிய பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பகுதிக் கிராமங்கள் இக்கேள்வியை நூறாண்டுகளுக்கு முன்பே தம் வாழ்வில் சந்தித்தன. 1956 நவம்பர் 1-ஆம் நாள் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு வட்டங்கள் சென்னை மாநிலத்துடன் இணைந்தன. நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. முன்பு இவை அனைத்தும் திருவிதாங்கூர் என்ற ஒரே அரசின் ஊர்கள். தமிழும் மலையாளமும் இங்கே ஒரே சந்தையில் கலந்து பேசப்பட்டன. மொழி வேற்றுமையை இயல்பாக ஏற்றுக்கொண்ட அந்த மண், பிறப்பு வேற்றுமையை மட்டும் எளிதில் கைவிடவில்லை.

நாடார் குலப் பெண்கள் மேலாடை அணியும் உரிமைக்காகத் திருவிதாங்கூரின் தென்பகுதியில் நெடுங்காலம் போராட நேர்ந்தது. 1859-ஆம் ஆண்டு அரச ஆணை அவ்வுரிமையை வழங்கியது; ஆனால் மேல்சாதிப் பெண்கள் அணியும் முறையில் அணியலாகாது என்ற நிபந்தனையையும் உடன் சேர்த்தது. உரிமை கிடைத்தது, சமத்துவம் கிடைக்கவில்லை. ‘நீயும் வரலாம், ஆனால் எங்களைப் போல ஆகிவிடாதே’ என்பதே அந்த ஆணையின் உட்பொருள். தருபவர் தம் மேன்மையை இழக்காமல் தருகின்ற உரிமை, உருமாறிய உயர்வு தாழ்வே ஆகும்.

அதன்பின் அரை நூற்றாண்டு கழிந்தது. வெங்ஙானூரில் 1863-இல் பிறந்த அய்யன்காளி புலையர் குலத்தவர். எழுதப் படிக்கக் கற்கும் வாய்ப்பைப் பெறாதவர். தாம் பெறாத கல்வியைத் தம் மக்களின் குழந்தைகள் பெற வேண்டும் என்பதையே வாழ்வின் நோக்கமாகக் கொண்டார். 1907-இல் சாது ஜன பரிபாலன சங்கத்தை நிறுவினார். பள்ளிகள் தங்கள் பிள்ளைகளுக்குத் திறக்கப்படும்வரை வயலில் இறங்குவதில்லை என்று உழைக்கும் மக்கள் உறுதி பூண்டனர். அன்றாடக் கூலியால் வாழ்ந்தவர்கள், தங்கள் பிள்ளைகளின் எழுத்தறிவுக்காகப் பட்டினியை ஏற்றார்கள்.

அரசு இணங்கியது. பள்ளியில் சேர்க்கலாம் என்று ஆணை பிறந்தது. அந்த ஆணையை நம்பி, பஞ்சமி என்ற சிறுமியை நெய்யாற்றின்கரைக்கு அருகிலுள்ள ஊரூட்டம்பலம் பள்ளிக்கு அழைத்துச் சென்றார் அய்யன்காளி. அங்கே எதிர்ப்பு கிளம்பியது, கலவரம் மூண்டது, பள்ளிக்கே தீ வைக்கப்பட்டது. ஒரு குழந்தை உடன் அமர்வதைவிடத் தங்கள் குழந்தைகளின் பள்ளியே எரிந்து போவது மேல் என்று மனிதர் எண்ணக்கூடும் என்பதை அந்நிகழ்ச்சி காட்டியது. ஆணை கதவைத் திறந்தது. பெஞ்சில் இடம் தர வேண்டியது மனித மனம், அது திறக்கவில்லை. 2022-ஆம் ஆண்டு அப்பள்ளிக்கு அய்யன்காளி, பஞ்சமி ஆகிய இருவரின் பெயரும் சூட்டப்பட்டது.

இங்கே இரண்டு வாதங்களை ஆராய்வது தகும்.

முதல் வாதம் இது: ‘ஆன்மா ஒன்றே எனில், வேற்றுமைகளைப் பற்றி ஏன் பேச வேண்டும்? பேசப் பேச அவை வளரும் அல்லவா?’ கேட்பதற்கு இனிமையான வாதம். ஆனால் பாரமார்த்திக உண்மையை, வியவகார உலகில் செய்யும் அநீதிக்குத் திரையாக்குவது தத்துவம் ஆகாது. நெய்யாற்றின்கரை அருகே அருவிப்புறத்தில் 1888-இல் சிவலிங்கப் பிரதிஷ்டை செய்த ஸ்ரீநாராயண குரு அத்வைதி. எல்லாம் ஒன்று என்று அறிந்தவர் அவர். அறிந்ததனாலேயே, சாதி பேதமின்றி அனைவரும் சகோதரராக வாழும் இடம் இது என்று அங்கே வெளிப்படையாக எழுதி வைத்தார். ஒருமையை உணர்ந்தவருக்கே பிரிவினையின் கொடுமை கூர்மையாகத் தெரியும். நோயைப் பெயர் சொல்லி அழைப்பதால் நோய் வளர்வதில்லை.

இரண்டாவது வாதம் தகுதியைப் பற்றியது. ‘தகுதி உள்ளவர் வரட்டும், யார் தடுத்தார்?’ என்பர். சாந்தோக்ய உபநிஷதத்தில் தந்தை பெயர் அறியாத சத்யகாமனைக் கௌதமர் சீடனாக ஏற்றார். மறைக்காமல் உண்மை சொன்ன அவனது பண்பு அவரைக் கவர்ந்தது. போற்றத்தக்க நிகழ்ச்சி. ஆயினும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சத்யகாமன் அரிய பண்பு படைத்தவன். அத்தகைய சிறப்பு ஏதும் இல்லாத ஒரு சாதாரணக் குழந்தைக்குக் கதவு திறக்குமா? உயர்குடியில் பிறந்த குழந்தை தன் தகுதியை நிரூபித்த பிறகா பள்ளியில் சேர்ந்தது? படிக்க வந்தவளிடம், படித்தவளாக வா என்று கேட்பது நியாயம் ஆகாது. பஞ்சமி மேதையாக இருந்திருக்க வேண்டியதில்லை. குழந்தையாக இருந்தாள், அதுவே போதுமான தகுதி.

இந்த ஒளியில் இன்றைய வளாக விழாக்களைப் பார்க்கலாம். சட்டம் தன் கடமையைச் செய்திருக்கிறது. அரசியல் சாசனத்தின் 17-ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்தது. ஒவ்வொரு உயர்கல்வி நிறுவனத்திலும் சமவாய்ப்புப் பிரிவு இருக்க வேண்டும் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2012-இல் விதி வகுத்தது. இனி மீதமிருப்பது பெஞ்சு. விழா முடிந்த மறுநாள் காலையில் விடுதி உணவு மேசையில் யார் அருகே யார் அமர்கிறார்கள்? ஆங்கிலம் தடுமாறும் கிராமத்து மாணவி கேள்வி கேட்கும்போது வகுப்பறை சிரிக்கிறதா, செவி கொடுக்கிறதா? ஒதுக்கீட்டில் வந்தவர் என்ற முணுமுணுப்பு ஆய்வுக்கூடத்தில் எழும்போது, அருகிலிருக்கும் நண்பர் மௌனமாக இருக்கிறாரா? விழாவின் வெற்றி தோல்வியை இக்கேள்விகளே தீர்மானிக்கும்.

பிறரது பாடலை ரசிக்க எந்த இழப்பும் தேவையில்லை. பிறரைச் சமமாக ஏற்க ஓர் இழப்பு தேவை. தான் உயர்ந்தவன் என்ற எண்ணத்தை இழக்க வேண்டும். அந்நாளில் உழைப்பாளர்கள் கூலியை இழந்தார்கள். ஒதுக்கப்பட்டவர் தம் பங்கு விலையைப் பலமுறை கொடுத்துவிட்டார். உள்ளே இருப்பவர் கொடுக்க வேண்டிய விலையே இன்னும் பாக்கி.

1937 ஜனவரியில் காந்தியடிகள் வெங்ஙானூருக்கு வந்தபோது, தாம் கண்மூடுமுன் தம் சமூகத்தில் பத்துப் பேர் பி.ஏ. பட்டம் பெறக் காண வேண்டும் என்ற விருப்பத்தை அய்யன்காளி தெரிவித்தார் என்பர். இன்று கேரளப் பல்கலைக்கழகம் எனப்படும் திருவிதாங்கூர்ப் பல்கலைக்கழகம் தோன்றியதும் அதே ஆண்டில்தான். எல்லைக் கிராமங்களின் எளிய இல்லங்களிலிருந்து பிள்ளைகள் இன்று பட்டம் பெறுகிறார்கள். எண்ணிக்கையைப் பொறுத்தவரை அம்முதியவரின் ஆசை நிறைவேறியது. ஆனால் அவர் வேண்டியது வெறும் சான்றிதழாக இருந்திருக்க முடியாது. தலை நிமிர்ந்து, எவருடைய கருணையையும் எதிர்பாராமல், அருகில் இருப்பவரோடு சரிசமமாக அமரும் மனிதர்களையே அவர் வேண்டினார்.

அப்படி ஒருவர் தம் பக்கத்தில் வந்து அமரும்போது சற்று நகர்ந்து இடம் கொடுப்பது உதவியும் அன்று, பெருந்தன்மையும் அன்று. அந்த இடம் என்றும் அவருடையதே என்பதை அறிந்துகொள்வதே கல்வி.