ஏழாவது கேள்வி

எங்கள் தொழிற்சாலையின் நேர்முகத் தேர்வுப் பாரத்தில் ஏழாவது கேள்வி இது: ‘உங்களைவிட வயதில் இளையவர்களோடு வேலை செய்வதில் சிரமம் இருக்குமா?’

சில மாதங்களுக்கு முன் பராமரிப்பு டெக்னீஷியன் வேலைக்கு 54 வயதில் ஒருவர் வந்தார். பல வருசம் வேலை பார்த்த ஃபேக்டரியை மூடிவிட்டார்களாம். மேசைக்கு இந்தப் பக்கம் மூன்று பேர். ஆக இளையவன் நான், 28. சேர்ந்தால் எனக்குக் கீழேதான் வேலை செய்ய வேண்டும் என்பதால் ஏழாவது கேள்வியை என்னையே கேட்கச் சொன்னார்கள்.

இதற்கு ஒரு தயார் பதில் உண்டு, யூடியூபிலேயே சொல்லிக்கொடுக்கிறார்கள். வயது வெறும் நம்பர், இளையவர்களிடம் கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது, கடைசியில் ஒரு சிரிப்பு. இவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, “இருக்கும். முதல் ரெண்டு மாசம் இருக்கும். அதுக்காக வேலை நிக்காது” என்று மலாயில் சொன்னார். நான் ஐந்துக்கு இரண்டு போட்டேன்.

அந்த இரண்டு இன்னும் உறுத்துகிறது.

கேள்வியில் நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஒரு மூத்த டெக்னீஷியன் மின்சாரத்தைத் துண்டித்துப் பூட்டுப் போடாமல் மெஷின் மூடியைத் திறந்தார். தடுத்தேன். “நீ பொறக்குறதுக்கு முன்னாடியே நான் இதத் தொட்டவன்” என்றார். கை போயிருக்கும். ஆனால் அவரும் இதே ஏழாவது கேள்வியைத் தாண்டி உள்ளே வந்தவர்தான். சிரமம் இல்லை என்று சொல்லியிருப்பார், நல்ல மார்க்கும் கிடைத்திருக்கும். சிரமம் இருக்கும் என்று தெரிந்தே வருகிறவர் அதைக் கவனித்துக்கொள்வார் என்பது அன்றைக்கு எனக்குத் தோன்றவில்லை. உண்மைக்கு மார்க் குறைப்போம் என்று தெரிந்த இடத்தில் ஒருவர் பொய் சொன்னால், அந்தப் பொய்யில் எனக்கும் பங்கு இல்லையா?

புறநானூற்றின் 183ஆம் பாட்டு ஆரியப்படை கடந்த நெடுஞ்செழியன் பாடியது. ஒரு குடும்பத்தில் மூத்தவன் இருந்தாலும், அறிவுள்ளவன் காட்டும் வழியில்தான் அரசு போகும் என்கிறது. கல்வியின் பெருமையைப் பேச நாம் உடனே கையில் எடுக்கும் பாட்டு. எனக்கு வசதியான பாட்டும்கூட, டிகிரி என் கையில்தானே இருக்கிறது. ஆனால் விட்டுவிட்டுப் போன அந்த மூத்தவன் மறுநாள் வீட்டில் எப்படி உட்கார்ந்திருந்தான் என்று பாட்டு சொல்லவில்லை. நாங்கள் அவனை அறைக்குள் கூப்பிட்டு, ‘எனக்கு வலிக்கவே இல்லை’ என்று சொல்லச் சொல்கிறோம்.

இந்த நாட்டில் 2013 ஜூலையிலிருந்து தனியார் துறையிலும் குறைந்தபட்ச ஓய்வு வயது 60. வேலையில் இருப்பவரை அதற்கு முன் வயதைக் காட்டி வீட்டுக்கு அனுப்ப முடியாது. 54 வயதில் புதிதாகக் கதவைத் தட்டுகிறவருக்கு அந்தச் சட்டம் எந்த விதத்திலும் உதவாது.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஸ்க்ரூடிரைவர் நுனியைப் பேரிங் கூட்டின் மேல் வைத்து, கைப்பிடியைக் காதோடு ஒட்டிச் சத்தம் கேட்கக் கற்றுக்கொடுத்தவர் ஐம்பது வயது டெக்னீஷியன். மீட்டர் காட்டுவதற்கு முன்பே அவருக்குத் தெரிந்துவிடும். இரண்டு வருசம் கழித்து அவருடைய ஆண்டு மதிப்பீட்டில் கையெழுத்துப் போட்டவன் நான். உன்னைவிட மூத்தவர்களை எப்படி நடத்துவாய் என்று என்னை எந்தத் தேர்விலும் யாரும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் நானும் தயார் பதில்தான் சொல்லியிருப்பேன்.

அறைக்குள் என்னை ‘சார்’ என்றவர், வெளியே வந்ததும் தமிழில், “தம்பி, டாய்லட் எந்தப் பக்கம்?” என்று கேட்டார். “நேராப் போய் லெஃப்ட்ல, அங்கிள்” என்றேன். சட்டென்று இருவருக்கும் பேச்சு எளிதாகிவிட்டது. பாரம் என் கக்கத்தில் இருந்தது.

வேலை வேறொருவருக்குப் போனது. ஏழாவது கேள்விக்குப் பக்கத்தில், எல்லா வயதினருக்கும் பொதுவாக, மூத்தவர்களோடு வேலை செய்வது பற்றியும் ஒரு வரி சேர்க்கலாமா என்று மனிதவளத் துறையில் கேட்டேன். பாரத்தை மாற்ற வேண்டுமென்றால் தலைமையகத்துக்கு எழுத வேண்டுமாம். எழுதியிருக்கிறேன்.